தராசில் ஒரு பனிச்சறுக்குப் பலகை

"ஏறும்போது காலில் இருப்பதே தெரியாது. இறங்கும்போது, இறுகிய பனியில் உதறும்." பனிமலையில் ஏறிச் சறுக்கி இறங்குவதற்கான கார்பன் பலகைகளை எனக்கு விற்ற, சிங்கப்பூரின் பொங்கோல் வட்டாரத்துக்காரர், நேற்றைய தேதியிட்டு எழுதித் தந்த குறிப்பு இது. நாளை ஜப்பானுக்குத் தனியாகப் போகிறேன். முதல் வரியையாவது சோதிக்க, லிட்டில் இந்தியாவில் ஒரு காய்கறிக் கடைத் தராசில் ஒரு பலகையை வைக்கிறேன். ஒரு கிலோவும் கொஞ்சமும்.

"முருங்கைக்காய் கட்டே இதைவிடக் கனம் லா," என்கிறார் கடைக்கார அக்கா. குறிப்பையும் வாங்கி வாசிக்கிறார். "கூட யாரு வர்றா?"

"யாருமில்லக்கா."

"ஏறுறது சரி. உதறி விழுந்தா யாரு தூக்குவா?"

நான் பலகையைத் தராசிலிருந்து இறக்குகிறேன். அக்கா ஒரு பழைய ரசீதின் பின்னால் தன் போன் எண்ணை எழுதித் தருகிறார். "கீழ இறங்கினதும் மெசேஜ் போடுங்க."

குறிப்பின் அடியில் எழுதிக்கொள்கிறேன்: எடை சரிபார்த்தாயிற்று. இறக்கம் இன்னும் சரிபார்க்கப்படவில்லை.