“உங்களுக்கு இதிலை என்ன?” என்று கேட்ட எங்கள் அம்மா

அம்மாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று இந்த நினைவு மலரை அச்சிடுகிறவர் கேட்டார். எழுதுகிறேன். ஆனால் எல்லோரையும் நம்பிய வெள்ளை மனம் என்று எழுதினால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்திருந்து இதை வாசிக்கிற நீங்களே சிரிப்பீர்கள். எங்கள் அம்மா ஒருவரையும் இலேசில் நம்பியதில்லை. நான் சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டு மோட்டார் சைக்கிள் திருத்தப் போனவன். திருத்த வருகிற சனத்தின் வாயைப் பார்த்துப் படித்ததுதான் என் படிப்பு. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா பிறந்தது கொடிகாமத்துக்குக் கிட்ட ஒரு தோட்டக்காரக் குடும்பத்தில். கோப்பாயில் வாழ்க்கைப்பட்டார். யுத்தத்தால் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் நல்ல மனிதர் ஒருவர், பத்திரமாக வைத்துத் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டு போன அம்மாவின் தோடு இன்று வரை திரும்பி வரவில்லை. ஊர் திரும்பிய பின் அப்பா காய்ச்சலில் தவறியபோது தங்கச்சி தவழ்ந்துகொண்டிருந்தாள். அதன் பிறகு சுன்னாகப் பக்கத்து வெங்காயத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போய்த்தான் அம்மா எங்கள் இருவரையும் வளர்த்தார்.

தங்கச்சி சாதாரண தரத்தில் திறமாகச் சித்தியடைந்ததும், பட்டணத்தில் தனியார் கல்வி நிலையம் நடத்துகிற ஆசிரியர் ஒருவர் வீடு தேடி வந்தார். உயர்தரத்துக்குக் காசு வாங்காமல் படிப்பிப்பதாகச் சொன்னார். அம்மா அவருக்குத் தேநீர் கொடுத்துவிட்டு, உங்களுக்கு இதில் என்ன என்று கேட்டார். புண்ணியம்தான் அம்மா என்றார் அவர். பிள்ளையின் படிப்பை நினைத்து அம்மா அரை மனத்தோடு சம்மதித்தார்.

தங்கச்சி தெற்கே ஒரு பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்துக்குத் தெரிவானாள். மறு கிழமை சந்தியில் அவள் படத்தோடு அந்தக் கல்வி நிலையத்தின் பெரிய பதாகை ஏறியது. கூலித் தொழிலாளியின் மகள் படைத்த சாதனை என்று அதில் எழுதியிருந்தது. வேலைக்குப் போகும்போது பஸ் யன்னலால் அதைக் கண்ட அம்மா, வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டார்.

“அவளின்ரை படத்தைப் போடட்டும். என்ரை கூலியை ஏன் சந்தியிலை கட்டினவர்?”

அன்று முதல் புண்ணியம் என்று யாராவது வாயெடுத்தால் அம்மா கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்.

இடம் கிடைப்பது ஒன்று, போய்ச் சேர்வது வேறொன்று என்பதை நாங்கள் பிறகுதான் அறிந்தோம். அரசாங்க உதவிப்பணம் வரும்தான். ஆனால் படிப்புத் தொடங்கிச் சில மாதம் போன பிறகே வரும். அதுவரை அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் எங்கே போவது? எங்களைப் போன்ற வீட்டுப் பிள்ளைகள் விழுவது சோதனையில் அல்ல, இந்த இடைவெளியில்தான். என் வருமானம் அரிசிக்கும் மருந்துக்கும் சரி. தங்கச்சி போகமாட்டாள் என்று அயலில் கதைக்கவும் தொடங்கிவிட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் கமராவோடு ஒரு தம்பி வந்தார். ஏழைக் குடும்பங்களைப் படம் பிடித்து யூடியூப்பில் போட்டு, வெளிநாட்டில் இருப்பவர்களிடம் உதவி எடுத்துக் கொடுக்கிறவர். கல்வீட்டைக் காட்டாமல் பின்னால் இருக்கும் கிடுகு வேய்ந்த குசினிக்குள் தங்கச்சியை நிற்கச் சொன்னார். போட்டிருந்த நல்ல சட்டையை மாற்றிப் பழசைப் போடச் சொன்னார். கொஞ்சம் அழுதால்தான் பார்ப்பவர்களுக்கு மனம் இரங்கும் என்றும் பக்குவமாகச் சொன்னார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தார்.

“உமக்கு இதிலை என்ன தம்பி?”

“எனக்கு ஒண்டுமில்லை அம்மா. சேவை.”

“ஒண்டுமில்லாமல் ஆர் இந்த வெயிலுக்கை அலையிறது? நீர் போய்ட்டு வாரும்.”

படலையைச் சாத்திவிட்டு வந்த அம்மாவோடு நான் சண்டை பிடித்தேன். காசு வீடு தேடி வந்தது, சந்தேகத்தால் பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுக்கிறீர்கள் என்றேன். அம்மா என்னை இருக்கச் சொல்லிவிட்டுச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“அவள் அங்கை எல்லாப் பிள்ளையளோடையும் ஒரு வாங்கிலை இருக்கப் போறவள். இவள் அழுததைப் பாத்த பிள்ளையளுக்குப் பக்கத்திலை எப்பிடியடா நிமிந்து இருப்பாள்?”

காசு வரவில்லை. எங்களுக்குக் கொழுப்பு என்று ஊர் சொன்னது. அந்தத் தம்பிக்குக் காணொளியைப் பார்க்கிற ஆட்களின் தொகைக்கேற்ப வருமானம் வருகிறது என்று பிறகு கேள்விப்பட்டபோது, அதை முதலே சொல்லியிருந்தால் இருத்தித் தேநீராவது கொடுத்திருப்பேனே என்றார் அம்மா.

தோட்டத்தில் அம்மாவோடு வேலை செய்த பெண்கள் மாதச்சீட்டுப் பிடிப்பார்கள். பெயரைக் குலுக்கி எடுத்து, விழுகிறவருக்கு அந்த மாதக் காசு. அந்த முறை குலுக்காமலே முதல் காசை அம்மாவுக்குத் தருவதென்று எல்லோரும் பேசி வைத்திருப்பதாக, சீட்டை நடத்துகிற பவளம் மாமி வந்து சொன்னார். அம்மாவின் முகம் இறுகிவிட்டது. வழக்கமான கேள்வியையே மாமியிடமும் கேட்டார்.

“எனக்கு இதிலை நிறைய இருக்கு மச்சாள்,” என்றார் மாமி. “என்ரை பெட்டையும் ரெண்டு வருசத்திலை சோதினை எடுப்பாள். உன்ரை பெட்டை முன்னுக்குப் போனாத்தானே, எங்கை தங்கிறது, ஆரைக் கேக்கிறதெண்டு என்ரையளுக்குத் தெரியும். உன்னிலை இரக்கப்பட்டு வந்தனெண்டு நினைச்சியோ?”

அம்மா சிரித்தார். அப்ப சரி என்றார். தனக்கு என்ன வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்கிறவரை நம்பலாம், ஒன்றும் வேண்டாம் என்கிறவரைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அம்மாவின் கணக்கு.

தங்கச்சி போனாள். படித்த நாலு வருடமும் தொலைபேசியில் அம்மா முதலில் கேட்டது சாப்பிட்டாயா என்று அல்ல, யாராவது சும்மா ஏதும் தந்தார்களா என்றுதான். பவளம் மாமியின் மகளுக்கும் இடம் கிடைத்தபோது, தங்கச்சி பஸ் நிலையத்தில் போய் நின்று கூட்டிச் சென்று தன் அறையிலேயே வைத்துக்கொண்டாள். அந்தப் பிள்ளை இப்போது கணக்காளராக இருக்கிறது.

கடைசி நாட்களில் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது, இளம் பெண் டொக்டர் ஒருவர் நேரத்துக்கு நேரம் வந்து கனிவாகப் பார்த்தார். அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. அவரிடமும் கேட்டுவிட்டார். “சம்பளம் தருகினம் அம்மா,” என்றார் டொக்டர். அதன் பிறகுதான் அம்மா மருந்தை ஒழுங்காகக் குடித்தார்.

கொழும்பில் வேலை செய்கிற தங்கச்சி லீவு போட்டு வந்து பக்கத்தில் இருந்தாள். எங்கள் ஒழுங்கை வீடுகளில் பல்கலைக்கழகத்துக்கு இடம் கிடைக்கிற பிள்ளைகளை அந்த முதல் மாதங்களில் தான் பார்த்துக்கொள்ள விரும்புவதாகச் சொன்னாள். பெற்ற மகள் என்று அம்மா விடவில்லை, ஏன் என்று கேட்டார். தங்கச்சி கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்.

“வேலையிடத்திலை மத்தியானம் சாப்பிடேக்கை எல்லாரும் தங்கடை தேப்பன்மாரின்ரை கார், வீடு, வெளிநாடு எண்டு கதைப்பினம். எனக்கு வெங்காயம் கிண்டினதைக் கதைக்க ஒரு ஆள் இல்லை அம்மா. இந்தப் பிள்ளையள் படிச்சு வந்தால் ஒராள் எண்டாலும் பக்கத்திலை இருக்கும்.”

அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அப்ப செய் என்றார். எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய ஆசீர்வாதம் கிடையாது.

அம்மாவைப் பராமரித்த டொக்டர்மார், தாதியர், பந்தல் போட்ட இளைஞர்கள், சமைத்த பெண்கள், தோள் கொடுத்த உறவினர்கள், தூர தேசத்திலிருந்து அழைத்து ஆறுதல் சொன்னவர்கள் எல்லோருக்கும் எங்கள் நன்றி. கல்வி நிலைய ஆசிரியரும் மலர்மாலையோடு வந்தார். படம் ஏதும் எடுக்கிறாரா என்று கவனித்துக்கொண்டிருந்தேன். எடுக்கவில்லை. அவருக்கும் நன்றி. தங்கச்சியைப் படிக்க வைத்தது நாங்கள்தான் என்று செத்தவீட்டில் சிலர் கதைத்துக்கொண்டதும் காதில் விழுந்தது. உண்மையில் அனுப்பி வைத்தவர்கள் அந்த நேரம் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்கள். பவளம் மாமிக்கும் அந்தச் சீட்டுக்காரப் பெண்களுக்கும் நன்றி என்ற சொல் போதாது.

நன்றியோடு ஒரு தேவையையும் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழகத்துக்கு இடம் கிடைத்தும் முதல் மாதங்களைக் கடக்க வழியில்லாத பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் எங்களிடம் வாருங்கள். யாரும் படம் எடுக்கமாட்டோம், அழச் சொல்லமாட்டோம். இரக்கத்தில் கூப்பிடவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குத் தங்கச்சிக்குத் துணை வேண்டும்.

குடும்பத்தினர் சார்பில்,
மூத்த மகன்
கோப்பாய்