நீலத் தட்டும் சிவப்புத் தட்டும்

ஜெர்மனியின் டிரெஸ்டனில் நான் ஆய்வு செய்த பல்கலைக்கழக வளாகத்தில் டிஸ்க் கோல்ஃப் விளையாடுவோம். மரங்களுக்கிடையே தட்டை எறிந்து, தொலைவிலுள்ள சங்கிலிக் கூடையில் விழவைக்க வேண்டும். குளத்துக்கு அப்பால் இருந்த ஏழாவது கூடை எல்லோரையும் தோற்கடிக்கும். இலங்கைத் தமிழ் அக்கா ஒருவரை அங்கேதான் சந்தித்தேன். நரைத்த பின்னல், தொளதொள மழைக்கோட்டு, கையில் நீலமும் சிவப்புமாக இரண்டு தட்டுகள். "நேர போ ராசா" என்று தட்டிடம் தமிழில் சொன்னதைக் கேட்டு நின்றுவிட்டேன்.

"ரெண்டு தட்டு எதுக்குக்கா?"

"நீலம் என்ர மனுசன்ர. அவருக்கு இப்ப கை ஏலாது தம்பி. நான்தான் எறியிறன்."

கணவர் அருகே சக்கர நாற்காலியில் இருந்தார். அக்கா நீலத் தட்டைத் துடைத்து, மூச்சடக்கி எறிந்தார். அது குளத்தைத் தாண்டிக் கூடையருகே இறங்கியது. தன் சிவப்புத் தட்டைக் குறிபாராமலே வீசினார். அது தண்ணீரில் விழுந்தது.

"இஞ்சேருங்கோ, இண்டைக்கும் நீங்கள்தான் வெண்டனீங்கள்!" என்று கத்திக்கொண்டே அதை எடுக்க ஓடினார்.

நான் கணவரை வாழ்த்தினேன். அவர் மெல்லச் சிரித்தார்.

"கை நல்லா இருக்கேக்க ஒருநாளும் நான் அவவை வெண்டதில்லை தம்பி."

அவருக்குத் தெரியும் என்பது அக்காவுக்குத் தெரியுமா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.