புறா பார்க்க ஒரு பைனாகுலர்

பைனாகுலர் வாங்கப் போகிறவர்களுக்கு இணையத்தில் அறிவுரைக்குப் பஞ்சமே இல்லை. மான் வேட்டைக்கு எது, மலையேற எது, மழையில் நனைந்தாலும் கெடாதது எது என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள். தண்டையார்பேட்டை மொட்டை மாடியில் மல்லாந்து படுத்துப் புறா பார்க்கிறவனுக்கு எது என்று மட்டும் ஒருவரும் எழுதவில்லை. எங்கள் தெருவில் வேட்டைக்கு அகப்படுவது பெருச்சாளிதான். அதற்குப் பைனாகுலர் வேண்டாம், அதுவே காலடிக்கு வந்துவிடும்.

என் வீட்டுக்காரர் கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுகிறார், ஒழிந்த நேரத்தில் புறா வளர்க்கிறார். அப்படித்தான் அவர் சொல்லிக்கொள்வது. என்னைக் கேட்டால், புறா வளர்த்தது போக ஒழிந்த நேரத்தில்தான் கிரேன் ஓட்டுகிறார். எங்கள் பக்கத்துப் புறாப் பந்தயம் வேகத்துக்கு அல்ல. காலையில் அவரவர் மாடியிலிருந்து பறக்கவிட வேண்டும். யாருடைய புறா அதிக நேரம் இறங்காமல் மேலேயே நிற்கிறதோ அதற்குத்தான் கோப்பை. எதிர் செட்டிலிருந்து ஓர் அம்பயர் வந்து நாள் முழுக்க நம் மாடியில் உட்கார்ந்திருப்பார். அவருக்கு டீ, பிரியாணி, மறுபடி டீ எல்லாம் நம் உபசாரம், அதாவது என் அடுப்பு. மணிக்கொரு தடவை புறா அவர் கண்ணில் பட வேண்டும். படாவிட்டால் அவுட்.

போன வருஷம் எங்கள் சாம்பல் பெட்டை அப்படித்தான் அவுட் ஆனாள். இந்த வீட்டில் அவளுக்கு நடக்கிற சீராட்டைப் பார்த்து நான் அவளுக்கு வைத்த பெயர் சக்களத்தி. அன்றைக்கு எண்ணூர்ப் புகை வானத்தை மூடியிருந்தது. அம்பயர் அண்ணாந்து பார்த்தார், "காணோம்பா" என்றார், வாயைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பொழுது சாயும்போது அவள் நேராக எங்கள் மாடியில் வந்து இறங்கினாள். பகல் முழுக்க மேலேயேதான் இருந்திருக்கிறாள். இவர் அவளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதார். என்னை அப்படி அணைத்து அழுத ஞாபகம் எனக்கு இல்லை. அடுத்த பந்தயத்தில் அவள் அம்பயர் கண்ணில் பட்டே ஆகவேண்டும், அதற்குப் பைனாகுலர் வாங்கியே ஆகவேண்டும் என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

பாரிமுனைப் பக்கம் ஒரு கடைக்குப் போனோம். துணைக்கு அவருடைய தோஸ்து, வண்ணாரப்பேட்டையில் ரெடிமேடு துணி விற்கிற பாய். லென்ஸ் விஷயத்தில் இருவருக்கும் ஒரே அளவு ஞானம். கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

"இது எவ்ளோ பவரு?" என்று கேட்டார் இவர்.

"எட்டு."

"அது?"

"இருபது."

"அப்றம் இன்னா கேள்வி? இருபதையே குடு நைனா."

நான் இருபதை வாங்கி எதிர்ச் சாரிப் பெயர்ப்பலகையைப் பார்த்தேன். எழுத்தெல்லாம் ஆடியது. பலகையைப் பெரிதாக்குகிற கண்ணாடி என் கை நடுக்கத்தையும் சேர்த்துத்தான் பெரிதாக்கியது. பார்க்கிற வட்டமோ சுருங்கிப் போயிருந்தது. எட்டு மடங்குக் குட்டிக் கண்ணாடியில் பலகை இருந்த இடத்தில் இருந்தது, பக்கத்துக் கடையும் தெரிந்தது. கண் வைக்கிற ரப்பர் விளிம்பை மடித்துவிட்டால் என் மூக்குக் கண்ணாடியோடே பார்க்க முடிந்தது. முன்பக்க லென்ஸ் சிறியது, இருட்டினால் மங்கும். இருட்டில் எந்தப் புறா பறக்கிறது? இதையெல்லாம் பொறுமையாக எடுத்துச் சொன்னேன்.

"கொயந்தைங்க வெளையாடுற சாமானு தங்கச்சி அது" என்றார் பாய்.

இவர் கையை நீட்டிக் காட்டினார். "இருபது டன்னு பொட்டிய ஆடாம எறக்குற கைமே இது. இத்தனூண்டு கண்ணாடியவா ஆட வுட்ருவேன்?"

அந்தக் கைக்கு இருபதை வாங்கினார்கள். என் சம்பளத்தில் நான் என் விளையாட்டுச் சாமானை வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் டன் கணக்கில் தூக்குகிற கை ஆடத்தான் செய்தது. கண்ணாடி தப்பு என்று ஒப்புக்கொள்வார்களா? ஸ்டாண்ட் இல்லாததுதான் தப்பாம். விம்கோ நகர் பட்டறை ஒன்றில் இரும்புக் குழாயை வெல்டிங் செய்து ஒரு ஸ்டாண்ட் கொண்டுவந்து மாடியில் நட்டார்கள். அதில் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி அற்புதமாகத் தெரிந்தது. புறா பறப்பதோ தலைக்கு நேர் மேலே. நிமிர்த்தி வைத்தால் ஆள் அடியில் பாய் விரித்துப் படுக்க வேண்டும். இவர் படுத்தார், நாள் கணக்கில் படுத்தார்.

"வானம் இன்னா சுத்தமா தெரியுது மாமு!" என்றார் தோஸ்து, தன் முறைக்குப் படுத்துப் பார்த்து.

"வானத்த நான் சும்மாவே பாப்பேனே. புறா எங்க?" என்றார் இவர்.

பந்தய நாளும் வந்தது. வியாசர்பாடியிலிருந்து வந்த அம்பயர் ஸ்டாண்டுக்கு அடியில் ஒரே ஒரு தடவை படுத்தார். எழுந்து முதுகைத் தட்டிவிட்டுக்கொண்டு என்னிடம் கை நீட்டினார். அதிலிருந்து மணிக்கொரு தரம் என் குட்டிக் கண்ணாடிதான் அவர் கைக்குப் போனது. "அதோ கீறா" என்பார், திருப்பிக் கொடுப்பார். இவர் மட்டும் அதைத் தொடவில்லை. மானம் என்று ஒன்று இருக்கிறதே. சாப்பாட்டு வேளைக்குள் மற்ற மாடிகளில் புறாக்கள் ஒவ்வொன்றாக இறங்கிவிட்டதாகப் போன் வந்தது. எங்களுடையதும் புளியந்தோப்புப் புறா ஒன்றும்தான் பாக்கி. இவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. நானும் அடுப்பை அணைத்துவிட்டு மாடியிலேயே நின்றேன்.

அம்பயர் கை கழுவக் கீழே போயிருந்தார். நான் கண்ணாடியை உயர்த்தினேன். புகையே இல்லை. சக்களத்தி பொட்டு மாதிரி, நிதானமாக வட்டமடித்துக்கொண்டிருந்தாள். அனல்மின் நிலையப் புகைபோக்கிப் பக்கமிருந்து கறுப்பாக ஒன்று வந்தது, அவளுக்கு மேலே ஏறியது, இறக்கையை மடக்கிக்கொண்டு விழுந்தது. பைரி, பறக்கிற புறாவை அடிக்கிற வேட்டைப் பறவை. புறாக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவளுக்கு அதை யாரும் அடையாளம் காட்ட வேண்டாம். கொஞ்சம் இறகு மட்டும் காற்றில் நின்றது. இரண்டும் ஒன்றாகித் துறைமுகப் பக்கம் போயின. வேட்டைக்கு ஏற்றது என்று என் கண்ணாடி வந்த அட்டைப்பெட்டியில் போட்டிருந்தான். பொய் சொல்லவில்லை.

"இன்னாமே, கீறாளா?" என்று ஸ்டாண்டுக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"பைரி அடிச்சிட்சுய்யா."

எழுந்து வந்தார். வெறும் கண்ணால் வானத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என் கையிலிருந்ததைப் பார்த்தார்.

"இத்துலயா பாத்தே? இத்துல இன்னாமே தெரியும்? எட்டு பவருல காக்காவும் பைரியும் ஒண்ணாத்தான் தெரியும்."

இத்தனை மாதமாக நான் சேர்த்து வைத்திருந்த பதில்கள் எல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றன. இவர் கை கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது, அந்த ஆடாத கை. சக்களத்திக்காக நான் துக்கப்படுவேன் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

"ஆமாய்யா, செரியா தெர்ல" என்றேன். "காக்காவாக்கூட இருக்கும்."

அம்பயர் மேலே வந்து என் கண்ணாடியில் வெகுநேரம் தேடினார். "காணோம்பா" என்றார். ஆனால் கிளம்பவில்லை, பொழுது சாய்கிற வரை நாற்காலியிலேயே இருந்தார். இவர் கூண்டுக் கதவைத் திறந்து வைத்தார், தண்ணீரை மாற்றி வைத்தார், பாயில் மல்லாந்து படுத்து இருபது மடங்கில் கண்ணை வைத்துக்கொண்டார். கழுத்து வலிக்குமே என்று கீழே போய் ஒரு தலையணை எடுத்து வந்து கொடுத்தேன்.