மருமகளைப் பற்றி நான்தான் வாசிப்பேன்!

இன்று கோயில் மண்டபத்தில் மைக்கைப் பிடித்துவிட்டேன்!

(கரோக்கே இல்லை. வாசிப்பு!)

நாடு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், அடைந்தபோது எனக்குப் பள்ளிக்கூட வயது. ஆனால் தோட்டத்தில் மாடு மேய்த்தேன். தமிழ் எழுத்துகளைப் போன வருடம்தான் படித்தேன். இதையும் ஒற்றை விரலால்தான் தட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மருமகள் இந்திராணி, மலாக்காவில் காஜா பெராங் பகுதியைச் சேர்ந்த செட்டி குடும்பத்துப் பெண். பொருளாதாரப் பேராசிரியை. வணிகப் புள்ளியியல் கற்பிக்கிறாள். அவர்கள் பூர்வீகம் தமிழ்தான், ஆனால் தலைமுறைகளாகப் பேசுவது மலாய், தமிழ் தெரியாது.

இன்று அவளுக்குப் பாராட்டு விழா. அறிமுக உரையை நானே எழுதினேன். யாருக்கும் காட்டவில்லை!

கோயில் செயலாளர் மேடையருகே மறித்தார்.

"அங்கிள், எம்சி வாசிக்கட்டும் லா. நீங்க வாசிச்சா சாப்பாடு ஆறிடும்!"

"ஆறட்டும் தம்பி. நான்தான் வாசிப்பேன்."

அவளுடைய இளங்கலை, முதுகலை தாண்டினேன். முனைவர் பட்டம் வருவதற்குள் பின்வரிசையில் கொட்டாவி. 'புள்ளியியல்' என்ற இடத்தில் நின்றேவிட்டேன். எழுத்துக் கூட்டினேன்.

செயலாளர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

"போதும் அங்கிள்! புரொஃபசர் பேச நேரமே இருக்காது!"

நான் தாளை விடவில்லை.

என்ன பிரச்சினை என்று பக்கத்தில் இருந்தவரிடம் இந்திராணி மலாயில் கேட்டாள். பிறகு எழுந்து நின்று உரக்கச் சொன்னாள்:

"போத்தோங் சாயா புஞா உச்சாப்பான்!"

தன் பேச்சை வெட்டச் சொல்கிறாள்! எனக்காக!

கடைசி வரி வரை வாசித்தேன். "மாலைச் சந்தையில் எந்தக் கடைக்கு வியாபாரம் அதிகம் என்று கண்டுபிடித்தவர் என் மருமகள்." கைதட்டல்!

கீழே இறங்கியதும் சந்தை வியாபாரிகள் அவளைச் சூழ்ந்துகொண்டு, அவசரத்தில் தமிழிலேயே கேட்டார்கள்.

"டீச்சர், சொல்லுங்க. என் கடையா, இவன் கடையா?"

"உன் கடையா? ஈ கூட வராது!"

அவள் விழித்தாள். நான் மலாயில் விளக்கினேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

நன்றாக விற்கும் கடைகள்கூட ஏன் மூடப்படுகின்றன என்பதுதான் அவளுடைய ஆய்வாம்! தினமும் மாலையில் கடை கடையாகப் போய் விற்பனையை விசாரித்தாளே, போட்டி நடத்துகிறாள் என்று நானே முடிவுகட்டிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்து உரையைத் திருத்திவிட்டேன். இப்போது எல்லாம் சரி. ஒரு மேடைதான் பாக்கி.

மகனே, இதைப் படித்தால் உன் மனைவியிடம் மலாயில் சொல்: சீக்கிரம் இன்னொரு பட்டம் வாங்கட்டும்!