முந்தைய சொந்தக்காரர் பெயருக்கு வந்த கடிதங்கள்

காலை பத்து நாற்பத்தைந்துக்கு மகளிடமிருந்து போன் வந்தது. நான் ஆகுர்டியில் ஆபீசில் இருந்தேன். மறுநாள் அவளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் பரீட்சை. வீட்டில் தனியாகப் படித்துக்கொண்டிருந்தாள். படிக்கிற நேரத்தில் அவள் என்னைக் கூப்பிடுகிற வழக்கம் இல்லாததால், முதல் மணியிலேயே எடுத்தேன்.

வரி ஆபீசிலிருந்து இரண்டு பேர் வந்து கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். எனக்கு மராத்தி படிக்க வராது. அவளுக்கு வரும், அதைத் தமிழில் சொல்வதற்குத்தான் திணறுவாள். சொத்து வரி பல வருடமாகக் கட்டவில்லை, வீட்டை ஜப்தி செய்கிறோம், இன்று இரண்டு மணிக்குப் பூட்டி சீல் வைப்போம். திக்கித் திக்கி இவ்வளவும் சொல்லிவிட்டுக் கேட்டாள்:

"நான் உள்ள இருந்தா எப்படிம்மா பூட்டுவாங்க? புக்ஸ் எல்லாம் எடுத்துட்டு வெளிய வரணுமா?"

"ஒண்ணும் ஆகாது கண்ணு, நீ படி" என்றேன். எப்படி ஆகாமல் போகும் என்று எனக்கே தெரியவில்லை.

நோட்டீஸில் இருந்தது எங்கள் பெயர் இல்லை, எங்களுக்கு வீட்டை விற்றவரின் பெயர் என்று அவள் சொன்னபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. ஐந்து வருடங்களுக்கு முன் சாங்வியில் இந்த வீட்டை வாங்கினோம். விற்றவர் நாக்பூருக்குப் போய்விட்டார். வருடா வருடம் அவர் பெயருக்கு மராத்தியில் ஒரு கவர் வரும். அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கக் கூடாது என்று வளர்ந்தவள் நான். அவரிடம் சேர்த்துவிடுங்கள் என்று வாட்ச்மேனிடம் கொடுத்துவிடுவேன். ஒருமுறை என் கணவர் பிரிக்கப் போனபோது திட்டிக்கூட இருக்கிறேன். வாட்ச்மேன் அவற்றைத் தன் மேஜை டிராயரிலேயே பத்திரமாக வைத்திருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது. அப்படியானால் வரியை யார் கட்டுவதாக நினைத்தோம்? மாதாமாதம் சொசைட்டிக்குக் கட்டும் மெயின்டனன்ஸில் அதுவும் சேர்த்தி என்று நான் நினைத்தேன். நான் கட்டிவிடுவதாகக் கணவர் நினைத்தார். அன்றைக்கு அவர் சிங்கப்பூர் விமானத்தில் இருந்தார்.

பக்கத்து மேஜைக்காரர் போபோடியில் வளர்ந்த தமிழர். மார்ச் மாதம் வந்தால், வரி பாக்கி வைத்தவர்கள் மானத்தை வாங்க, வசூலுக்கு பேண்டு செட்டையும் கூட்டிக்கொண்டு வருவார்கள் என்று அவர்தான் சொன்னார். "எங்க தெருவுல ஒரு வீட்டு வாசல்ல வாசிச்சாங்க பாருங்க, கல்யாணம்னு நெனச்சு ரெண்டு பேர் டிரெஸ் மாத்திட்டு வந்துட்டாங்க." அவர் சிரித்தார். பூட்டு, மேளம், நடுவில் புத்தகங்களோடு என் பெண். எனக்கு அதுதான் கண்ணில் தெரிந்தது.

பதினொன்றே முக்காலுக்கு வரி ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தேன். முதலில் வீட்டை எங்கள் பெயருக்கு மாற்றினால்தான் கட்ட முடியும் என்று நானே முடிவு செய்துகொண்டு, பெயர் மாற்றும் வரிசையில் ஒரு மணி நேரம் நின்றேன். கவுண்டரில் இருந்த பெண், பத்திர நகல், சொசைட்டி கடிதம், அது இது என்று அடுக்கிவிட்டு, பதினைந்து நாள் ஆகும் என்றாள். பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை.

பணம் கட்டும் கவுண்டரில் ஒரு கிளார்க் டிபன் பாக்ஸைத் திறக்கப் போனவர், என்னைப் பார்த்து என்ன என்று இந்தியில் கேட்டார். சொன்னேன். பாக்ஸை மூடி வைத்தார்.

"பேரை அப்புறம் மாத்திக்கங்க மேடம். வரி வீட்டுக்கு, ஆளுக்கு இல்ல. யார் கட்டினாலும் வாங்கிக்குவோம்."

அவ்வளவுதான் விஷயம். மகளைப் போனில் கூப்பிட்டேன். நோட்டீஸில் இருந்த சொத்து எண்ணை அவள் படித்தாள், கிளார்க் கம்ப்யூட்டரில் தட்டினார். ஐந்து வருட வரி, அதன்மேல் அபராதம். அவளுடைய கல்லூரிக்கென்று சேர்த்து வைத்திருந்ததில் பாதி என் கார்டு வழியாகப் போனது. போகட்டும் என்றிருந்தது. ரசீது கைக்கு வந்ததும், சீல் வைக்கிறவர்களுக்கு இது தெரியுமா என்று கேட்டேன். போன் போட்டுப் பார்த்தார். வசூலுக்குப் போனால் சீல் வைக்கிற இன்ஸ்பெக்டர் மேடம் போனை எடுக்கவே மாட்டார், நீங்கள் முன்னால் போய் நின்றுகொள்ளுங்கள் என்றார்.

வீட்டுக்கு வரும்போது மணி இரண்டாக ஐந்து நிமிடம். கதவில் பூட்டு இல்லை. உள்ளே மகள் ஏதோ சூத்திரத்தை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தது வெளியே கேட்டது. மணியை அடிக்காமல் படியிலேயே உட்கார்ந்தேன். காலையிலிருந்து அப்போதுதான் முழுதாக ஒரு மூச்சு விட்டேன். இதை எழுதும் இன்றைக்கும் வாசல் மணி அடித்தால் எனக்குத் திடுக்கென்கிறது. அன்றைக்கு அந்தப் படியில் கிடைத்த நிம்மதியும் மறக்கவில்லை.

இரண்டேகாலுக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். என் வயதுப் பெண், கையில் ஹெல்மெட். பின்னால் பூட்டும் அரக்குமாக ஒருவர். கீழே வண்டியிலிருந்து டிரம்ஸை இறக்கும் சத்தம். ரசீதை நீட்டினேன். எண்ணைத் தன் பட்டியலோடு இரண்டு முறை ஒப்பிட்டுவிட்டு, எங்கள் எண்ணைக் கோடு போட்டு அடித்தார். நாளைக்குப் பெண்ணுக்குப் பரீட்சை என்று, அவர் கேட்காமலே, உளறினேன். என்ன பாடம் என்று விசாரித்தார். சொன்னேன். இறங்கப் போனவர் நின்று திரும்பினார்.

"அடுத்து பக்கத்து பிளாக், சி விங்குக்குப் போறோம், மேடம். பொண்ணை ஜன்னலைச் சாத்திக்கச் சொல்லுங்க. இவங்க கொஞ்சம் பலமா வாசிப்பாங்க."