ராணியின் அம்மா சீலை

மருமகள் ஜன்னல் திரைக்காகப் பழைய புடவையை வெட்டும் சத்தம் கேட்டதும் திருச்செங்கோட்டு வீடு நினைவுக்கு வந்தது.

எனக்கு அப்போது எட்டு வயது. சந்தையில் மலிவாகக் கிடைத்த பழைய ஊதாச் சேலையை வெட்டி, அம்மா நான்கு திரைகள் தைத்து மாட்டியிருந்தாள். விளையாட வந்த பக்கத்துத் தெரு ராணி ஒரு திரையில் முகம் புதைத்து நின்றாள். அவள் தாய் இறந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

"இது எங்கம்மா சீலை" என்றாள்.

"பொய் சொல்லாத, உடு!" என்று பிடுங்கினேன்.

அம்மா நான்கையும் கழற்றி அவளிடமே கொடுத்தனுப்பினாள்.

மறுநாள் ராணியின் அப்பா அவற்றைத் திரும்பக் கொண்டுவந்தார். "நாந்தானுங்க வித்தேன். கண்ணுல பட்டா தாங்க முடியலீங்க. ஊட்டுல வேண்டாங்க."

"ஒண்ணாச்சும் புள்ளைக்கு இருக்கட்டுமுங்க" என்று அம்மா கெஞ்சியும் அவர் கேட்கவில்லை.

ராணி பிறகு எங்கள் வீட்டுக்கு வரவேயில்லை. பள்ளியில் எதிர்ப்பட்டபோதெல்லாம் நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவளிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம் என்ற எண்ணம் இன்றும் மனதை அறுக்கிறது.