தொப்பி போட்ட முறைமாப்பிள்ளை

ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறுகளில் கெய்ரோவில் அப்துல் தவ்வாப் எஃபெந்தி என்று ஒருவர் இருந்தார். ஊரைத் தாண்டி எங்கும் போனதில்லை. ஆனால் வாரம் ஒருமுறை பாரிசுக்குப் போய்வந்தார். பிரெஞ்சு நாவல்களை அரபியாக்கி ஒரு வாரப் பத்திரிகைக்குத் தொடராகக் கொடுப்பதுதான் பிழைப்பு.

ஒரு வருடம் வந்த கதையில் ஓர் ஆங்கிலேயன் பிரெஞ்சுப் பெண்ணோடு கைகோத்து ஆற்றங்கரையில் நடந்தான். அன்னிய ஆணோடு நடக்கிறவளின் கதையை எந்த வீட்டில் உரக்க வாசிப்பார்கள்? எஃபெந்தி ஒரே வரியில் அவனை அவளுடைய பெரியப்பா மகனாக்கிவிட்டார். கெய்ரோவில் அவன்தான் முறைமாப்பிள்ளை. வாசகர்களுக்கு நிம்மதி.

ஒன்பதாம் அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டார். வேற்று நாட்டானுக்குப் பெண் தரமாட்டேன் என்று பெண்ணின் அப்பா கதவைச் சாத்துகிறார். "வேற்று நாட்டான்" என்பதை மட்டும் விட்டுவிட்டு அச்சுக்குக் கொடுத்தார்.

பத்திரிகை ஆசிரியர் லுத்ஃபி, வாசகர்களின் கடிதக் கட்டை மேசையில் போட்டார். பாரிசில் படித்தவர், அலுவலகத்தில் சிவப்புத் தர்பூஷ் குல்லா அணியாமல் துரைமார் தொப்பி போடுகிற ஒரே ஆள்.

"அண்ணன் மகன் பொண்ணு கேட்டா எந்த அப்பன்யா இல்லேம்பான்? அந்தாளுக்குக் கிறுக்கான்னு எழுதுறாங்க. சனிக்கிழமைக்குள்ள காரணம் சொல்லுங்க. இல்லே, வேற ஆளைப் பாத்துக்கறேன்."

வீட்டில் மனைவி நஃபூசா கீரை நறுக்கிக்கொண்டிருந்தாள். எழுத்துத் தெரியாதவள், ஆனால் அவள் காதில் விழாமல் ஓர் அத்தியாயமும் அச்சுக்குப் போனதில்லை.

"பையன் குடிகாரன்னு எழுதிடவா?"

"ஐயோ, அவன் நல்ல பையங்க."

"வியாதிக்காரன்?"

"உங்க வாயில நல்லதே வராதா? உங்க தம்பி பாரிசுலேர்ந்து வந்தப்ப உங்கப்பா என்ன சொன்னாரு?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா கழுதை வாடகைக்கு விட்டவர். தம்பி தொப்பியோடு வாசலில் நின்றபோது, "யாரோ துரை வந்திருக்காரு, கழுதை வேணுமான்னு கேளு" என்றார். தம்பியும் அன்று சிரித்தான். சாப்பிடும்போது அழுதான்.

எஃபெந்தி எழுதினார்: பையன் சின்ன வயதிலேயே லண்டனுக்குப் போய்த் துரையாகத் திரும்பியவன். பெண்ணின் அப்பா சொல்கிறார்: "முகம் என் அண்ணனுடையது. தொப்பி யாருடையது? அதைக் கழற்றிவிட்டு வரட்டும்."

லுத்ஃபி வாசித்தார். "யோவ், பாரிசுல எல்லாருமே தொப்பிதானே?"

"அது உங்க பாரிசுங்க. இது எங்க வீட்டுப் பாரிசு."

லுத்ஃபி சிரித்தார். அப்பா பேசும் இடத்தை மறுபடி வாசித்தார். மேசையில் கிடந்த தன் தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"கழட்டுறானா, இல்லையா?"

"தொடர் நடந்தாத்தானேங்க தெரியும்!"